உடைந்த வளையல்களின் ஊர்: சண்டிகர் பயணக் குறிப்புகள்

முதல் நாள், இரவு, சென்னை சென்ட்ரல்

தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரவு பத்து மணிக்குப் புறப்படும். நானும் அண்ணன் மகளும் ஒன்பதுக்கே வந்து உட்கார்ந்துவிட்டோம். அவளுக்குப் பன்னிரண்டு வயது. காலாண்டு விடுமுறையில் வீட்டில் கொலு வைக்கும் வேலையை விட்டுவிட்டு என்னோடு வருகிறாள். அண்ணிக்கு அதில் வருத்தம்தான். "பொம்மை பார்க்கத்தானே போகிறீர்கள், இங்கேயே ஏழு படி இருக்கிறதே" என்றார்.

பொம்மை பார்க்கத்தான் போகிறோம். சண்டிகரில் நேக் சந்த் என்ற மனிதர் குப்பையைக் கொண்டு கட்டிய 'ராக் கார்டன்' என்ற பாறைத் தோட்டம். ஓவிய ஆசிரியையாகப் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். அந்த இடத்தைப் படங்களில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இப்போது நேரில் போக வேண்டும் என்று தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. அதை எழுதிவிட்டே ரயில் ஏறுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் 'கழிவிலிருந்து கலை' என்று பள்ளி அளவில் ஒரு கண்காட்சி நடத்தினேன். பிள்ளைகள் எழுபது பொருள்கள் செய்து வந்தார்கள். பிளாஸ்டிக் பாட்டிலில் பென்குயின், பாட்டிலில் பூந்தொட்டி, பாட்டிலில் ராக்கெட். முதல் பரிசு பெற்ற பென்குயினைச் செய்த பையனிடம், "பாட்டில்களை எங்கே சேர்த்தாய்?" என்று கேட்டேன். "அப்பா நேற்று ராத்திரி கடையில் ஆறு பாட்டில் வாங்கி வந்தார் டீச்சர். ஜூஸைச் சொம்பில் ஊற்றி வைத்துவிட்டோம்" என்றான். பிறகுதான் மற்றவற்றை உற்றுப் பார்த்தேன். மினுமினுப்புத் தூள் புதிது, தெர்மாக்கோல் உருண்டை புதிது, சாட்டின் ரிப்பன் புதிது, பசை புதிது. மூன்று நாள் கழித்து எல்லாமே குப்பை வண்டியில் போயின. அந்தப் பாட்டில்கள் வெறும் பாட்டில்களாக இருந்திருந்தால் காயலான்கடைக்காவது போயிருக்கும். பசையும் தெர்மாக்கோலும் ஒட்டிய பாட்டிலைக் கடைக்காரர் கையால்கூடத் தொடமாட்டார். மறுசுழற்சியைக் கற்பிக்கப் போய், மறுசுழற்சிக்குப் போக வேண்டிய பொருளை நானே கெடுத்துவிட்டேன். அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

இரண்டாம் நாள், ரயிலில்

நாக்பூரைத் தாண்டிவிட்டோம். வெளியே பருத்திக் காடு.

அண்ணன் மகள் பொழுது போகாமல் என் சின்ன வயதுக் கதையைக் கேட்டாள். பேரீச்சம்பழக்காரரைப் பற்றிச் சொன்னேன். சைக்கிளின் பின்னால் ஒரு பக்கம் பழக்கூடை, மறுபக்கம் சாக்கு. "பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று தெருமுனையில் குரல் கேட்டதுமே நாங்கள் வீடு முழுக்கத் தேடுவோம். ஓட்டை வாளி, கைப்பிடி போன கரண்டி, துருப்பிடித்த தாழ்ப்பாள். அவர் தராசில் நிறுத்து, காகிதத்தில் பழம் சுற்றித் தருவார். எங்கள் தலைமுறையில் பலருக்கு மறுசுழற்சி என்ற சொல் தெரியாது. ஆனால் துரும்பு இரும்புக்கும் விலை உண்டு என்பது நாக்கிலேயே தெரியும்.

"உடைந்த கப்பைக் கொடுத்தால் பழம் தருவாரா அத்தை?"

"தரமாட்டார்."

"ஏன்?"

"பீங்கானை உருக்கி மறுபடி கப் செய்ய முடியாது. அவருக்கு அதில் காசு இல்லை."

"அப்படியானால் உடைந்த கப் எங்கே போகும்?"

கொல்லையில் ஒரு மூலையில் கொட்டுவோம் என்றேன். அவளுக்கு அது பதிலாகப் படவில்லை. எனக்கும்தான்.

மூன்றாம் நாள், தில்லி

காலையில் இறங்கி, ரயில் நிலையத்தின் அருகிலேயே அறை எடுத்துக் குளித்துவிட்டு, மெட்ரோவில் சராய் காலே கான் போனோம். அங்கே 'வேஸ்ட் டு வொண்டர்' பூங்கா இருக்கிறது. தெற்கு தில்லி மாநகராட்சி 2019 பிப்ரவரியில் திறந்தது. மாநகராட்சிக் கிடங்குகளில் கிடந்த ஏறத்தாழ 150 டன் பழைய இரும்பைக் கொண்டு உலக அதிசயங்கள் ஏழைச் சிறிய அளவில் செய்து நிறுத்தியிருக்கிறார்கள். தாஜ்மகால், கிசா பிரமிடு, ஈபிள் கோபுரம், பைசா சாய்ந்த கோபுரம், ரோமின் கொலோசியம், ரியோவின் ஏசு சிலை, நியூயார்க்கின் சுதந்திர தேவி சிலை. இது நன்றாகப் பெயர் வாங்கவே, 2021 இறுதியில் மேற்கு தில்லியின் பஞ்சாபி பாக்கில், நம் நாட்டுச் சின்னங்களை இதே முறையில் செய்து இன்னொரு பூங்காவும் திறந்தார்கள்.

வேலைப்பாடு அருமை. தாஜ்மகாலின் குவிமாடத்தில் சைக்கிள் சக்கர வளையங்கள். அருகே போனால் குழாயும், பழைய பூங்கா பெஞ்சும், ஊஞ்சல் கம்பியும் தெரிகின்றன. வெல்டிங் செய்தவர்களின் கைத்திறனை ஒரு ஓவிய ஆசிரியையாக வணங்குகிறேன். கூட்டமும் நிறைய. ஒரு மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து, வருகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்தேன். ஏறக்குறைய எல்லோரும் பத்தடி தள்ளி நின்று, முழுக் கட்டடமும் படத்தில் விழுகிற மாதிரி புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தத் தூரத்தில் இரும்பு தெரிவதில்லை. தாஜ்மகால்தான் தெரிகிறது.

"பலகை இல்லை என்றால் இது குப்பை என்று எனக்குத் தெரிந்திருக்காது அத்தை" என்றாள் சின்னவள். அவள் பாராட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அது வேறு விதமாக உறைத்தது.

மாலையில் ஆட்டோ பிடித்து, மீரட் நெடுஞ்சாலை வழியாகக் காஜிப்பூர் வரை போய் வந்தோம். தில்லியின் கிழக்கு எல்லையில் இருக்கும் குப்பைமலை அது. 1984-இல் கொட்டத் தொடங்கினார்கள். 2002-லேயே கொள்ளளவு நிறைந்துவிட்டது. அதற்குப் பிறகும் கொட்டினார்கள். 2019 வாக்கில் அதன் உயரம் 65 மீட்டர் அளவுக்குப் போனது. குதுப் மினார் 73 மீட்டர். 2017 செப்டம்பர் முதல் தேதி, மழையில் அதன் ஒரு பகுதி சரிந்து சாலையில் போனவர்களைக் கால்வாய்க்குள் தள்ளியது. இரண்டு பேர் இறந்தார்கள்.

நாங்கள் போனபோது உச்சியில் பருந்துகள் வட்டமிட்டுக்கொண்டிருந்தன. ஆட்டோ ஓட்டுநர் வண்டியை நிறுத்த விரும்பவில்லை, நாற்றம் அப்படி. சென்னையின் குப்பைமேடுகளான பெருங்குடியையும் கொடுங்கையூரையும் பார்த்தவள்தான் நான். இருந்தாலும் மலை என்ற சொல்லை ஒரு குப்பைமேட்டுக்கு உவமையாக இல்லாமல் உள்ளபடியே சொல்ல நேர்ந்தது இங்கேதான்.

அறைக்குத் திரும்பியும் இரண்டையும் மனத்தில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பூங்காவுக்கு வந்த குடும்பத்தினர் வீட்டுக்குப் போய் எந்தப் பொருளை வேறு விதமாகக் கையாளுவார்கள்? அவர்கள் வீட்டில் விளக்குக் கம்பமும் பூங்கா பெஞ்சும் கிடையாதே. நாளை சண்டிகர்.

நான்காம் நாள், சண்டிகர்

காலை சதாப்தி ரயில். வழியில் பானிப்பட்டு. போர்களுக்காகப் பாடப்புத்தகத்தில் படித்த ஊர். இன்று அந்த ஊரின் பிழைப்பில் பெரும் பங்கு பழந்துணி. மேலை நாடுகளில் கழித்துக் கட்டிய கம்பளி உடுப்புகள் கப்பலில் வந்து, இங்கே நிறவாரியாகப் பிரிக்கப்பட்டு, பொத்தானும் ஜிப்பும் நீக்கிக் கிழிக்கப்பட்டு, மறுபடி நூலாகிப் போர்வையாகின்றன. வெள்ளம், நிலநடுக்கம் என்றால் நிவாரணமாக வரும் விலை குறைந்த கம்பளிகளில் பல பானிப்பட்டுப் போர்வைகள். ரயில் இரண்டு நிமிடம்தான் நின்றது. இறங்கிப் பார்க்க முடியாதது குறைதான்.

சண்டிகரில் அறையில் பையை வைத்த கையோடு தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டோம். தலைமைச் செயலகத்துக்கும் சுக்னா ஏரிக்கும் நடுவில், முதலாம் செக்டாரில் இருக்கிறது.

உள்ளே போவதற்கு முன் கதையைச் சொல்லிவிடுகிறேன். நேக் சந்த் சைனி 1924-இல் பிறந்தவர். பிறந்த கிராமம் இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. பிரிவினையில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்தார். லாகூரை இழந்த பஞ்சாபுக்குப் புதுத் தலைநகர் வேண்டும் என்று நேரு அரசு சண்டிகரை எழுப்பத் தொடங்கியபோது, பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராகச் சேர்ந்தார். லெ கொர்பூசியே என்ற பெரிய கட்டடக் கலைஞர் நேர்க்கோடுகளும் கான்கிரீட்டுமாக நகரத்தை வரைந்துகொண்டிருந்தார். அந்த நேர்க்கோடுகளுக்கு இடம் விடுவதற்காகப் பல கிராமங்கள் இடிக்கப்பட்டன. இடிபாட்டில் ஓடு, சட்டி, கண்ணாடி, கப், வளையல், சைக்கிள் எலும்புக்கூடு எல்லாம் குவிந்து கிடந்தன. சொந்த ஊரை இழந்தவர், ஊரை இழந்தவர்களின் பொருள்களைப் பொறுக்கத் தொடங்கினார்.

1957 வாக்கில் தொடங்கினார். பகலில் வேலை. மாலையில் சைக்கிளில் போய் இடிபாட்டுச் சாமானையும், சிவாலிக் மலையடியில் வற்றிக் கிடக்கும் ஓடைகளில் உருண்ட கற்களையும் மூட்டை கட்டி வருவார். ஏரிக்கு அருகே ஓர் ஓடைப் பள்ளம். கட்டடம் எதுவும் எழுப்பக் கூடாது என்று அரசு ஒதுக்கி வைத்த காட்டு நிலம். அதற்குள் ஒரு குடிசை போட்டு, இரவில் பழைய டயரை எரித்து அந்த வெளிச்சத்தில் சிலை செய்தார். ஏறத்தாழ 18 ஆண்டுகள் அதிகாரிகளுக்கு அது தெரியவில்லை. எழுபதுகளின் நடுவில் கண்டுபிடித்தபோது பன்னிரண்டு, பதின்மூன்று ஏக்கருக்கு ஒரு சிறு ராஜ்யமே இருந்தது. சட்டப்படி இடிக்க வேண்டும். நகர மக்கள் திரண்டு வந்து பார்த்தார்கள், இடிக்க விடவில்லை. 1976-இல் அரசே அதைப் பொதுத் தோட்டமாகத் திறந்து, அவருக்குச் சம்பளமும் ஐம்பது வேலையாட்களும் கொடுத்தது. 1984-இல் பத்மஸ்ரீ. 2015 ஜூனில் காலமானார். தோட்டம் இன்று 40 ஏக்கர்.

இந்தத் தகவல்களை எல்லாம் ரயிலிலேயே சின்னவளுக்குச் சொல்லியிருந்தேன். ஆனால் வாசலைப் பார்த்ததும் அவள் கேட்டது வேறு: "ஏன் அத்தை இவ்வளவு குட்டையாக இருக்கிறது?" உள்ளே போகப் போக வாசல்கள் பல குட்டையாகவே வருகின்றன. குனிந்துதான் நுழைய வேண்டும். இது தெய்வங்களின் ராஜ்யம் என்று நேக் சந்த் நினைத்துக் கட்டியது. கோயிலில் கர்ப்பக்கிருகத்துக்குள் நுழைவது போல உடம்பு தானாகவே பணிகிறது.

முதல் பகுதியில் கற்கள் மட்டும். அவர் எதையும் செதுக்கவில்லை. ஆற்றில் உருண்டு பறவை போல, மனிதர் போல ஆகிவிட்ட கற்களைத் தேர்ந்தெடுத்து நிறுத்தியிருக்கிறார். பிறகு சுவர்கள் மாறுகின்றன. ஒரு சுவர் முழுக்க மின்சாரப் பீங்கான் பிடிப்பான்கள். இன்னொன்று தார் பீப்பாய்கள். சூளையில் அதிகம் வெந்து கறுத்துப்போன, எந்தக் கொத்தனாரும் வாங்காத செங்கற்களால் ஒரு சுவர். கைகழுவும் தொட்டியின் உடைந்த விளிம்புகளால் ஒரு வேலி. நாலாபக்கமும் கை நீட்டித் தொடலாம். நான் தொட்டுக்கொண்டே நடந்தேன்.

வளைந்து திரும்பியதும் சின்னவள் நின்றுவிட்டாள். "அத்தை, கொலு!"

ஆமாம், கொலுதான். மேட்டுச் சரிவில் படிப்படியாக நூற்றுக்கணக்கான உருவங்கள். வரிசை வரிசையாகப் பெண்கள், பாட்டுக்காரர்கள், காவல்காரர்கள், குடம் சுமப்பவர்கள், குரங்குகள், ஒட்டகங்கள், மயில்கள். எல்லாம் நம்மைப் பார்த்து நிற்கின்றன. பெண் உருவங்களின் ஆடை முழுக்க உடைந்த கண்ணாடி வளையல்கள். பச்சை, சிவப்பு, மஞ்சள், மயில் நீலம். மாலை வெயில் சாய்வாகப் பட்டபோது அந்த வளையல் விளிம்புகள் மின்னின.

எங்கள் ஊரில் சின்ன வயதில் உடைந்த வளையல் துண்டுகளை மெழுகுவர்த்தித் தீயில் காட்டி வளைத்து, ஒன்றோடு ஒன்று கோத்துச் சங்கிலி செய்வோம். மூன்று கண்ணாடிப் பட்டைகளை முக்கோணமாகக் கட்டி, அதற்குள் வளையல் துண்டு போட்டுச் சுழற்றிப் பார்ப்போம். வளையல் உடைந்தால் அம்மா சகுனம் பார்ப்பார், எங்களுக்கோ விளையாட்டுச் சாமான் கிடைத்த மகிழ்ச்சி. அந்தப் பெண் உருவங்களின் முன் நின்றபோது என் கண் கலங்கிவிட்டது. ஒவ்வொரு துண்டும் ஏதோ ஒரு கையில் கிடந்தது. ஏதோ ஒரு கிணற்றடியில் உடைந்தது. யாரோ துடைப்பத்தால் கூட்டித் தள்ளியது.

செய்முறையைப் பல சிலைகளில் உற்றுப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். உள்ளே சைக்கிள் சட்டமோ கம்பியோ எலும்பாக நிற்கிறது. கால்நடைகளுக்குச் சைக்கிளின் கவைக்கம்பிதான் கால், இருக்கைதான் தலை. அதன் மேல் சிமென்ட்டும் மணலும் கலந்த உடம்பு. கடைசித் தோலுக்கு நல்ல சிமென்ட்டை வழவழப்பாக இழைத்து, ஈரம் காய்வதற்குள் வளையல், பீங்கான், கண்ணாடி, இரும்பாலைக் கசடு ஆகியவற்றைப் பதித்திருக்கிறார். மேலே சாயம் இல்லை. மினுமினுப்பு இல்லை. ஒட்டிய பொருள் எதுவோ அதுவாகவே தெரிகிறது. ஒரு மயிலின் மார்பில் யாருடைய வீட்டுத் தட்டோ, ரோஜாப்பூ ஓரத்தோடு பதிந்திருக்கிறது. சின்னவள் ஒரு சிலையின் இடுப்பில் கப்பின் கைப்பிடியைக் கண்டுபிடித்தாள். அதன் பிறகு அவள் சிலைகளைப் பார்க்கவில்லை. கைப்பிடிகளைத் தேட ஆரம்பித்துவிட்டாள். மூடுகிற நேரத்துக்குள் பதினான்கு கண்டுபிடித்தாள்.

தில்லியில் எல்லோரும் பத்தடி தள்ளி நின்றார்கள். இங்கே எல்லோரும் முகத்தைக் கொண்டுபோய் ஒட்ட வைத்துப் பார்க்கிறார்கள்.

ஐந்தாம் நாள்

காலையில் மறுபடி தோட்டம். நேற்றுப் பார்க்காத பகுதிகள். செயற்கை அருவி, பெரிய வளைவுகளில் தொங்கும் ஊஞ்சல்கள், கந்தல் துணியால் செய்த ஆளுயரப் பொம்மைகள். ஊஞ்சல்களில் குழந்தைகளைவிடப் பெரியவர்கள் அதிகம். இந்தப் பகுதி எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. பொருட்காட்சி மாதிரி இருக்கிறது. துணிப் பொம்மைகள் மட்டும் விதிவிலக்கு. மனிதனோடு உரசி நைந்த துணிக்கு ஒரு முகபாவம் வந்துவிடுகிறது.

நிழலில் ஒரு பெஞ்சில் வயதான பஞ்சாபி அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். சின்னவள் கைப்பிடி தேடுவதைப் பார்த்துச் சிரித்து, எங்களை அருகில் அழைத்தார். என் அரைகுறை இந்தியில் பேச்சு நடந்தது. தோட்டம் அரசுடையதான பிறகு, நகரத்தில் பல இடங்களில் உடைந்த பீங்கானையும் கந்தல் துணியையும் வாங்கிச் சேர்க்கும் மையங்கள் வைத்திருந்தார்கள். அவருடைய தாயார் உடைந்த கப், சாஸர் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் சேர்த்து வைத்து, நிறைந்ததும் கொண்டுபோய்க் கொடுப்பாராம்.

"எங்கள் வீட்டில் நீலக் கோடு போட்ட ஒரு தேநீர் செட் இருந்தது, மகளே. என் தம்பி போட்டு உடைத்தான். அதுவும் இங்கே போயிற்று. ஒவ்வொரு முறை வரும்போதும் தேடுகிறேன்."

"கிடைத்ததா?"

"நீலக் கோடு போட்டது நிறைய இருக்கிறது. எது எங்களுடையது என்று எப்படிச் சொல்வது? எல்லாமே எங்களுடையது என்று வைத்துக்கொண்டேன்."

இதைக் கேட்டதும் எனக்கு ஒன்று புரிந்தது. 1989-இல் சாலை போடுவதற்காக இங்கே புல்டோசர் வந்தபோது, நகர மக்கள் அதன் முன்னால் கைகோத்து நின்றார்கள், வழக்கும் தோட்டத்தின் பக்கமே தீர்ந்தது என்று படித்திருக்கிறேன். 1996-இல் நேக் சந்த் அமெரிக்கா போயிருந்த சமயம் பராமரிப்பு இல்லாமல் சிலைகள் சேதப்படுத்தப்பட்டபோதும், தன்னார்வலர்கள்தான் வந்து காப்பாற்றினார்கள். ஒரு சிலைத் தோட்டத்துக்காக மக்கள் ஏன் அப்படி நிற்க வேண்டும் என்று யோசித்திருக்கிறேன். அவரவர் வீட்டுத் தேநீர் செட் உள்ளே இருக்கிறதே. அதுதான் காரணம்.

அந்த அம்மா போகும்போது இன்னொன்றும் சொன்னார். 2025 மார்ச்சில், பக்கத்து உயர் நீதிமன்றத்துக்கான சாலை, வாகன நிறுத்த வேலைகளுக்காகத் தோட்டத்து மதிலின் ஒரு பகுதியை இடித்தார்கள். அப்போதும் மக்கள் வந்து நின்றார்கள். தாமும் மெழுகுவர்த்தியோடு போனதாகச் சொன்னார். ஆனால் மதில் போனது போனதுதான். அந்தப் பக்கமாக நடந்து போய்ப் பார்த்தோம். எனக்கு நெஞ்சு கனத்தது. எல்லோரும் வேண்டாம் என்று எறிந்ததை ஒருவர் சுவராக்கினார். அதை மறுபடியும் இடிபாடாக்கி லாரியில் ஏற்றியிருக்கிறார்கள்.

மாலையில் லெ கொர்பூசியேவின் 'திறந்த கை' சின்னத்தைப் பார்த்தோம். காற்றடித்தால் சுழலும் பெரிய உலோகக் கை. கொடுக்கவும் பெறவும் திறந்த கை என்று விளக்கம். அழகாகத்தான் இருக்கிறது. மனம் என்னவோ வளையல் பெண்களிடமே இருந்தது.

ஆறாம் நாள்

இன்று இரவு தில்லிக்கு ரயில். பகலில் ஒரு வேலை பாக்கி இருந்தது. சண்டிகரின் குப்பை எங்கே போகிறது என்று பார்க்காமல் ஊர் திரும்ப எனக்கு மனம் வரவில்லை.

நகரத்தின் மேற்கு ஓரத்தில், 38-ஆம் செக்டாரை ஒட்டி, தாதுமாஜ்ரா என்ற இடம். திட்டமிட்டுக் கட்டிய நகரம், பாறைத் தோட்டம் உள்ள நகரம், ஆனாலும் இங்கே ஒரு குப்பைமேடு இருக்கிறது. அதற்கு எதிரிலேயே குடியிருப்புகள். நாற்றத்தையும் நோயையும் எதிர்த்து அங்குள்ள மக்கள் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். பழைய குப்பையைக் கிளறிச் சலித்துப் பிரிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. வேலியோரம் நின்று பார்த்தேன். அரை நூற்றாண்டாக ஒரு மகத்தான கலைப்படைப்பை வைத்திருக்கும் நகரமும் குப்பையைப் பிரிக்காமல் கொட்டித்தான் வந்திருக்கிறது. கலை செய்யக்கூடியதற்கு ஓர் எல்லை உண்டு. வீடுதோறும் வண்டி வந்து மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் தனித்தனியாக எடுத்துப் போக வேண்டும். எடுத்ததை மறுபடி ஒரே லாரியில் கலக்காமல் இருக்க வேண்டும். அந்த வேலையைச் சிலை செய்து தராது.

அங்கிருந்து திரும்பும் வழியில் ஒரு கபாடிக் கடை. நம் காயலான்கடைதான். இரும்பு ஒரு பக்கம், செம்புக் கம்பி தனியாக, செய்தித்தாள் கட்டுகள், அட்டைப்பெட்டி, பாட்டில் மூட்டைகள். எல்லாம் ஒழுங்காகப் பிரித்து அடுக்கியிருந்தது. கடைக்குப் பின்னால் ஒரு மூலையில் மட்டும் கலவையாக ஒரு குவியல். உடைந்த கப், கழிப்பறைப் பீங்கான், கண்ணாடித் துண்டு, பொட்டலத் தாள்கள், கந்தல்.

"இதையெல்லாம் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன்.

"இதற்கு ரேட் கிடையாது மேடம். வாங்க ஆள் இல்லை. மேட்டுக்குத்தான் போகும்."

சின்னவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "அத்தை, பேரீச்சம்பழம்!"

அவள் சொன்னதும் இரண்டு நாளாக முட்டிக்கொண்டிருந்தது திறந்துகொண்டது. பேரீச்சம்பழக்காரரும் இந்தக் குவியலைத் தொடமாட்டார். நேக் சந்த் முக்கியமாக எடுத்துக்கொண்டது இந்தக் குவியலைத்தான். பீங்கான், வளையல், கறுத்த செங்கல், கசடு, கந்தல். இரும்புக்கு உலை இருக்கிறது, செய்தித்தாளுக்குக் காகித ஆலை இருக்கிறது. அவை தம் வழியைத் தாமே கண்டுபிடித்துக்கொள்ளும். தில்லியின் 150 டன் இரும்பும் கிடங்கிலிருந்து ஏலத்துக்குப் போயிருந்தால் ஏதோ ஒரு உலையில் உருகி மறுபடி இரும்பாகியிருக்கும். அதைச் செய்த கலைஞர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஒரு பொருளுக்கு ஏற்கெனவே போக வழி இருக்கும்போது கலை அங்கே போய் என்ன செய்யப் போகிறது? வாங்க ஆளில்லாத பொருளின் பக்கத்தில்தான் கலை போய் நிற்க வேண்டும். என் கண்காட்சியில் நானும் அதே தவற்றைத்தான் செய்தேன். பாட்டிலுக்குக் கடையில் விலை உண்டு. அதை எடுத்துப் பென்குயின் ஆக்கினோம்.

எங்கள் பள்ளியில் வாங்க ஆளில்லாத பொருள் எது? எனக்குத் தெரியவில்லை. பத்தொன்பது ஆண்டுகள் அந்தக் கட்டடத்தில் இருந்திருக்கிறேன், ஒரு நாளும் குப்பைத்தொட்டிக்குள் குனிந்து பார்த்ததில்லை. பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். பள்ளியைக் கூட்டிச் சுத்தம் செய்யும் அக்கா. பாட்டிலையும் காகிதத்தையும் பிரித்து அவர்தான் கடைக்குப் போடுகிறார். ரயில் நிலையத்தின் நடைமேடையில் உட்கார்ந்து அவருக்குத் தொலைபேசி செய்தேன். விடுமுறையில் நான் அழைத்ததும் பதறிவிட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"நம் பள்ளிக் குப்பையில் கடைக்காரர் வேண்டாம் என்று திருப்பிவிடுகிற பொருள் எது அக்கா?"

யோசிக்கவே இல்லை அவர்.

"பேனா டீச்சர். மை தீர்ந்த பேனா. இரும்பும் பிளாஸ்டிக்கும் மையும் ஒன்றாக இருக்கிறது, பிரிக்க முடியாது என்று அவர் எடுப்பதில்லை. ஒவ்வொரு வகுப்பிலும் தினமும் நாலைந்து கிடக்கும். பரீட்சை முடிந்த வாரம் என்றால் கேட்கவே வேண்டாம்."

"இனிமேல் அதைத் தனியாகச் சேர்த்து வைக்கிறீர்களா?"

"ஒரு சாக்கு ஏற்கெனவே இருக்கிறது டீச்சர். எரித்தால் நாறுகிறது என்று பின்கட்டில் போட்டு வைத்திருக்கிறேன். வந்து பாருங்கள்."